ஏசிஎல் (முட்டிக்குள் எலும்புகளை இணைக்கும் நார்) ஆபரேஷனுக்குப் பிறகும் ஆடினால் முட்டி வலிக்கிறதா?

ஆபரேஷன் முடிந்து ஒன்பது மாதம் ஆச்சு, நடந்தால் வலியில்லை, ஆனால் ஷட்டில் கோர்ட்டில் நாலு தடவை தாவினால் முட்டிச் சில்லுக்குக் கீழே சுருக்கென்கிறது என்றால், முதலில் தொடையைப் பாருங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, சில்லுக்கு 15 சென்டிமீட்டர் மேலே இரண்டு தொடையையும் டேப்பால் அளந்து பாருங்கள். பலருக்கும் ஆபரேஷன் செய்த பக்கம் மெலிந்திருக்கும். அந்தத் தசை தாங்க வேண்டிய பாரம் முட்டியில்தான் இறங்குகிறது. காலண்டரை மட்டும் நம்பி கோர்ட்டுக்குப் போகாதீர்கள், நல்ல காலின் பலத்தில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும். பிசியோதெரபிஸ்டிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், குதிகாலுக்கடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். மற்ற கால் அளவுக்கு முட்டி நீளவில்லையா? உள்ளே தழும்புத் திசு தடுக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் செய்ய: சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்காருவது போல 45 வினாடி, ஐந்து தடவை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. சலிப்பான வேலைதான். இது பழகியதும் படியில் ஒற்றைக் காலில் நின்று மெதுவாக இறங்குங்கள். முட்டி உள்பக்கம் சாயக் கூடாது.

வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலை அடங்கிவிட்டால் சரி. வீங்கினால் ஆட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். முட்டி பூட்டிக்கொண்டாலோ, நழுவினாலோ, வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மட்டும் ஆடாதீர்கள்.