வகுப்புக்குப் போகாமல் கல்வெட்டு படிக்கப் பழகுவது

சென்னையில் வசிப்பவர் கல்வெட்டு படிக்கக் கற்க விரும்பினால், பட்டயப் படிப்பு ஒன்றில் சேர்ந்தே தீர வேண்டும் என்பதில்லை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. திருவொற்றியூர் தியாகராசர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் ஏராளம். வேலைக்குப் போய்க்கொண்டே ஓய்வு நேரத்தில் கற்பவருக்குத் தேவைப்படுபவை பதிப்பிக்கப்பட்ட பாடமும் (கல்வெட்டின் அச்சிட்ட வாசகம்), தம் வாசிப்பைத் திருத்திச் சொல்லக்கூடிய நாலு பேருமே. இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆர்வம் சில வாரங்களில் வடிந்துவிடும்.

கீழடியின் புகழால் புதிதாக வருபவர்களில் பலர் தமிழின் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியிலிருந்து தொடங்க நினைக்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பானை ஓட்டில் கிடைப்பவை பெரும்பாலும் ஓரிரு சொற்களே என்பதால், சூழலை வைத்து எழுத்தை ஊகிக்கும் பயிற்சி அவற்றில் கிடைப்பது அரிது. பத்து, பதினோராம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகளோ நீளமானவை. எழுத்து வடிவமும் இன்றைய தமிழுக்கு ஓரளவு நெருக்கமானது.

அவற்றில் முதலில் தடுமாறச் செய்வது புள்ளி இல்லாமைதான். அக்காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் எழுதப்படும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே கல்லில் ‘கொபபரகெசரி’ என்று தெரிவதைச் சோழர் பட்டமான ‘கோப்பரகேசரி’ என்றும், ‘யாணடு’ என்று தெரிவதை ‘யாண்டு’ என்றும் வாசிக்கக் கண் பழக வேண்டும். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ போன்ற வடசொற்கள் கிரந்த எழுத்தில் இருக்கும் என்பதால், கிரந்த அட்டவணை ஒன்றையும் கையில் வைத்திருப்பது நல்லது.

பழகும் முறை எளிதானது. கல்வெட்டின் தெளிவான ஒளிப்படம் ஒன்றையும் அதன் அச்சுப் பாடத்தையும் எடுத்துக்கொண்டு, பாடத்தை மூடிவைத்துவிட்டு, படத்திலிருந்து ஒவ்வொரு வரியாக எழுதிப் பார்த்தபின் ஒப்பிட வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையில் முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. தொடக்கத் தொகுதிகளில் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. மாநிலத் தொல்லியல் துறை நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் பார்த்துவிட்டு, அதே வளாகத்தில் உள்ள கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு பலரையும் ஈர்ப்பதுதான்; ஆனால் செய்தி முன்பே தெரிந்திருப்பதால், கல்லில் இருப்பதை விட்டுவிட்டு மனத்தில் இருப்பதைப் படித்துவிடுவோம். அதைச் சற்றுத் தள்ளிப்போடுவது நல்லது.

தொடக்கநிலையில் விளக்குக் கொடைக் கல்வெட்டே தக்க பாடம். அது ஏறக்குறைய ஒரே சட்டகத்தில் அமைகிறது: மங்கலச் சொல், அரசன் பெயர், ஆட்சியாண்டு, ஊர், கொடுத்தவர், கொடை, காப்பு. கோயிலில் நந்தா விளக்கு (அணையா விளக்கு) ஒன்று எரிய ‘சாவா மூவாப் பேராடு’ பல இடங்களில் 90 அல்லது 96 எனக் கொடுக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைக் குறையாமல் காக்கும் பொறுப்பு அவருடையது. ‘சந்திராதித்தவல்’, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, இது நடக்க வேண்டும் என்றும், ‘பன்மாகேசுவர ரட்சை’, அதாவது சிவனடியார்களின் காவல், என்றும் சிவன் கோயில் கல்வெட்டுகள் பல முடியும். இந்தத் தொடர்கள் மனத்தில் பதிந்துவிட்டால், சிதைந்த வரியிலும் அடுத்து வர வேண்டிய சொல் எது என்று தேடத் தெரிந்துவிடும்.

எண்களில் கவனம் தேவை. ‘௨௰௯’ என்பது இரண்டு பத்தும் ஒன்பதும், அதாவது 29. ‘௯௰’ என்பது 90. முதலாம் இராசராசன் ஆட்சிக்கு வந்தது 985இல் என்பதால், அவனுடைய 29ஆம் ஆட்சியாண்டு ஏறத்தாழ 1014 ஆகும். இராசகேசரி, பரகேசரி ஆகிய பட்டங்கள் சோழர்களிடையே மாறிமாறி வருபவை. எனவே ‘பரகேசரி’ என்பதை மட்டும் கண்டு மன்னன் இன்னார் என்று முடிவு கட்டக் கூடாது. மன்னனின் புகழைச் சொல்லும் முன்னுரையான மெய்க்கீர்த்தி இருந்தால் அதுவே உறுதியான சான்று.

ஒளிப்படம் எடுக்கக் கோயில் அலுவலகத்தில் முதலில் அனுமதி கேட்டுவிட வேண்டும். நேர் எதிரில் விழும் வெளிச்சத்தில் எழுத்தின் பள்ளம் தெரியாது. காலையிலோ மாலையிலோ சாய்வாக வெயில் படும்போது, அல்லது கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எடுக்கலாம். கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் குமுதம் எனும் உருண்ட பட்டையின் மேல் ஓடும் வரிகளை ஒரே படத்தில் அடக்க முயலாமல், ஒன்றின் விளிம்பு அடுத்ததில் வருமாறு பகுதி பகுதியாக எடுப்பதே நல்லது. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்கவே கூடாது.

தம் வாசிப்பைப் பிறரிடம் காட்டும்போது, “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று வெறும் படத்தை மட்டும் ஆர்வலர் குழுவில் போடுபவருக்கு விடை கிடைத்தாலும் படிப்பு கிடைக்காது. கோயிலின் பெயர், சுவரின் திசை, வரி எண் ஆகியவற்றுடன் தாம் படித்ததையும் எழுதி, ஐயமான எழுத்தை அடைப்புக்குறியிலும் படிக்க முடியாததைப் புள்ளிகளாலும் காட்டினால், அறிந்தவர் அந்த ஓர் இடத்தைத் திருத்திச் சொல்வது எளிது. இருவர் இரு விதமாகப் படித்தால், இரண்டையும் நாளிட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை அந்தக் கோயிலுக்குப் போகும்போது கல்லையே பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.