அரசுப் பள்ளியிலிருந்து கத்தோலிக்கப் பள்ளிக்கு: டி.சி. வாங்கும் முன்

பிள்ளை இப்போது எந்த வகுப்பு என்பதிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2020இல் வந்த சட்டம் இது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் அதே ஒதுக்கீடு கிடைத்தது. மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் இதில் அரசுப் பள்ளிதான். ஆனால் கத்தோலிக்கப் பள்ளி, ஆசிரியர்களுக்கு அரசே சம்பளம் தருகிற உதவிபெறும் பள்ளியாக இருந்தாலும், இதில் சேராது. ஏழாம் வகுப்பு மட்டும் அங்கே படித்துவிட்டுத் திரும்பி வந்தாலும் ஒதுக்கீடு போனதுதான். ஒன்று முதல் ஐந்து வரை எங்கே படித்தாலும் இதற்குப் பாதிப்பில்லை.

அதனால், மருத்துவக் கனவோடு ஆறாம் வகுப்பைத் தாண்டிவிட்ட பிள்ளையை, 'கண்டிப்பு நல்லா இருக்கும்' என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளை என்றால் தாராளமாக யோசிக்கலாம்.

அடுத்தது, ஒரே வளாகம், ஒரே சீருடை, ஒரே தேவாலயம் என்றிருந்தாலும் உள்ளே இரண்டு பள்ளிகள் இருக்கலாம். தமிழ்வழி வகுப்புகள் பெரும்பாலும் அரசு உதவிபெறும் பிரிவு. அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, பாடநூலும் சத்துணவும் உண்டு. ஆங்கிலவழி பல இடங்களில் சுயநிதிப் பிரிவு. கட்டணம் முழுக்க உங்கள் கையிலிருந்து. விண்ணப்பம் வாங்கும்போதே, 'இது எய்டட் செக்‌ஷனா, செல்ஃப் ஃபைனான்ஸா?' என்று அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். எதற்குப் பணம் கட்டினாலும் ரசீது வாங்குங்கள்.

பயிற்றுமொழியை மாற்றினால் இழப்பது கட்டணம் மட்டுமல்ல. கல்லூரியில் படிக்கும்போது கிடைக்கும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய், உதவிபெறும் பள்ளி மாணவர்களில் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்தவர்களுக்குத்தான். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமைக்கும் முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழி வேண்டும்.

ஆர்.டி.இ. எனும் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தில் சேர்த்துவிடலாம் என்று நம்பிப் போகாதீர்கள். கத்தோலிக்கப் பள்ளி போன்ற சிறுபான்மைப் பள்ளிகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்துவிட்டது.

பள்ளி ஜூனில் திறக்கிறது என்பதற்காக மே கடைசியில் போய் நிற்காதீர்கள். பிப்ரவரி, மார்ச்சிலேயே விசாரியுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, கடைசி வகுப்பின் மதிப்பெண் பட்டியல், புகைப்படங்கள் ஆகியவற்றில் மூன்று நகல் எடுத்து வையுங்கள். கத்தோலிக்கக் குடும்பமானால் திருமுழுக்கு (ஞானஸ்நான) சான்றிதழும் உங்கள் தேவாலயப் பங்குத்தந்தையின் கடிதமும் உதவும். மற்றவர்களுக்கு இவை தேவையில்லை. இந்தப் பள்ளிகளில் இந்து, முஸ்லிம் பிள்ளைகள் ஏராளமாகப் படிக்கிறார்கள். விண்ணப்பத்தில் மதம், சாதி கட்டங்களைச் சாதிச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள். இடம் கிடைக்கட்டும் என்று மதத்தை மாற்றி எழுதினால், பின்னால் உதவித்தொகையிலும் இட ஒதுக்கீட்டிலும் பிள்ளைதான் அவதிப்படும்.

பலரும் தவறு செய்வது டி.சி. எனும் மாற்றுச் சான்றிதழில்தான். புதிய பள்ளியில் இடம் உறுதியாகாமல் பழைய பள்ளியில் டி.சி. கேட்காதீர்கள். கொடுத்த அன்றே வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கிவிடும். முதலில் மதிப்பெண் நகலைக் காட்டி விண்ணப்பியுங்கள். சேர்க்கை உறுதியான பிறகு டி.சி. கேளுங்கள். கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள்: பெயரின் ஆங்கில எழுத்துக்கள், இனிஷியல், பிறந்த தேதி, அங்க அடையாளம். ஆதாரில் 'எஸ். கவிதா', டி.சி.யில் 'கே. கவிதா' என்றிருந்தால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை அது தொடரும். எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் பிள்ளைக்குள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பள்ளி எமிஸில் பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி சேர்க்க முடியும். டி.சி. கையில் இருந்தும் பெயர் ஏறாமல் அலைவது இந்த ஒரு வேலை பாக்கியிருப்பதால்தான்.

பத்திலும் பன்னிரண்டிலும் மாற்றாதீர்கள். பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் வேலைக்கு நடுவே பிள்ளையையும் இழுத்தடிக்க வேண்டாம்.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எனும் மதப் பாடம், மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்பது பொதுவான வழக்கம். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளி எதுவும், பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையை மத போதனைக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28(3). காலை வழிபாட்டைப் பற்றி உங்களுக்கு விருப்பு வெறுப்பு இருந்தால் சேரும் நாளிலேயே தலைமையாசிரியரிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழிக்குப் போகிற பிள்ளைக்குக் கோடை விடுமுறை முழுவதும் வேண்டும். மாநிலப் பாடத்திட்டம் என்றால் இரண்டு மொழி நூல்களிலும் பாடம் ஒன்றே. பிள்ளை முடித்த வகுப்பின் ஆங்கில அறிவியல் நூலை வாங்கித் தமிழ் நூலோடு பக்கத்துக்குப் பக்கம் விரித்து வையுங்கள். 'ஒளிச்சேர்க்கை' பிள்ளைக்குத் தெரியும். 'ஃபோட்டோசிந்தசிஸ்' தான் தெரியாது. நாளுக்குப் பத்துச் சொல், தனி நோட்டில், இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். கணக்கில் பிள்ளை தடுமாறுவது கூட்டல் கழித்தலில் அல்ல, கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதில். ஆகவே வாக்கியக் கணக்குகளை வாய்விட்டுப் படிக்க வையுங்கள். காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் திட்டாதீர்கள். விடைத்தாளை வாங்கி, விடை தெரியாமல் விட்டதா, கேள்வி புரியாமல் விட்டதா என்று பிள்ளையிடமே கேட்டு, அதை வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்.