சின்னப் பாலம்தானே என்று செய்யும் தவறுகள்

ஆறு மீட்டர் ஓடைக்கு ஸ்லாப் பாலம் (ஒரே கான்கிரீட் தளமே மேல்தளமாக நிற்கும் பாலம்) என்றதும், வீட்டு மாடித் தளத்தையே கொஞ்சம் தடியாகப் போட்டால் போதும் என்ற நினைப்பு பலருக்கும் வந்துவிடுகிறது. மாடியில் சுமை பரவி உட்காரும். பாலத்தில் சக்கரம் ஓரிடத்தில் அழுத்திவிட்டு அடுத்த நொடி வேறிடத்தில் நிற்கும். நான் சரிபார்த்த கணக்குகளில் பாதித் தவறுகள் இந்த வித்தியாசத்தை மறந்ததால் வந்தவைதான்.

முக்கியமானது எஃபெக்டிவ் விட்த். ஒரு சக்கரத்தின் சுமையை ஸ்லாபின் எத்தனை மீட்டர் அகலம் சேர்ந்து தாங்குகிறது என்பதுதான் அது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐஆர்சி) கான்கிரீட் பால விதிநூலான ஐஆர்சி 112 தரும் சூத்திரத்தில் இரண்டு பகுதிகள்: ஸ்பானை (சப்போர்ட்டுகளுக்கு இடையிலான நீளத்தை) பொறுத்து விரியும் அகலம், சக்கரம் தரையில் பதியும் அகலம். ஸ்பான் வாக்கில் சுமை பரவும் நீளத்துக்கு வியரிங் கோட் (ஸ்லாபின் மேல் போடும் தேய்மானப் படலம்), ஸ்லாப் இரண்டின் தடிமனையும் இரு மடங்காகக் கூட்ட வேண்டும். குறுக்கு வாக்கில் வியரிங் கோட்டை மட்டும்தான். ஸ்லாப் குறுக்கே பகிர்ந்துகொள்வதைச் சூத்திரத்தின் முதல் பகுதி ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறது. இரண்டுக்கும் ஒரே மாதிரி கூட்டுகிறவர்கள் நிறைய.

கணக்காகவே பார்ப்போம். எஃபெக்டிவ் ஸ்பான் 6.4 மீட்டர், ஸ்லாபின் மொத்த அகலம் 8.7, தடிமன் 500 மி.மீ., வியரிங் கோட் 75. 70ஆர் என்பது ஐஆர்சி கணக்கில் எடுக்கச் சொல்லும் கனரகச் சுமை; அதன் டிராக் (சங்கிலிப் பட்டை) வண்டியில் ஒரு பட்டையின் அகலம் 0.84 மீட்டர். அது நடு ஸ்பானில் நிற்கும்போது ஒரு பட்டைக்குக் கிடைப்பது சுமார் 5.4 மீட்டர். இரண்டு பட்டைகளின் மையங்களுக்கு நடுவே 2.06 மீட்டர்தான், அதனால் அகலங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். வண்டியைக் கர்பிலிருந்து (சாலையோரத் திட்டிலிருந்து) 1.2 மீட்டரில் நிறுத்தினால், கர்பின் அகலத்தையும் சேர்த்து, முதல் பட்டையின் மையத்திலிருந்து ஸ்லாபின் விளிம்பு 2.22 மீட்டரில் முடிந்துவிடும். பாதி அகலமான 2.7 அந்தப் பக்கம் கிடைக்காது. ஆக மொத்தம் 2.22, 2.06, 2.7 சேர்ந்து 6.98 மீட்டர். விளிம்பையும் மறந்து, குறுக்கே ஸ்லாப் தடிமனையும் கூட்டியவருக்கு 8.46 வரும். ஒரு மீட்டர் அகலத்துக்கு வரும் சுமை 17 சதவீதம் குறைந்துபோகும், தாளில் மட்டும்.

ஷியருக்கும் (சப்போர்ட் அருகே ஸ்லாபை வெட்டப் பார்க்கும் விசைக்கும்) நடு ஸ்பான் அகலத்தையே போடுவது அடுத்த தவறு. சக்கரம் அபட்மெண்டை (பாலத்தின் முனையைத் தாங்கும் சுவரை) நெருங்க நெருங்க இந்த அகலம் சுருங்கும். இதே ஸ்லாபில் சூத்திரத்தின் முதல் பகுதி நடுவில் 4.4 மீட்டர் என்றால், சப்போர்ட்டிலிருந்து ஒரு மீட்டரில் 2.3தான். அப்புறம், டிராக் வண்டியோடு நிறுத்திவிடக் கூடாது. 3 மீட்டர் ஸ்பானில் 40 டன் போகி (நெருக்கமான இரண்டு அச்சுகளில் வரும் சக்கரச் சுமை) அதை முந்திவிடும்.

ஓடை சாலையை நேராக வெட்டுவது அபூர்வம். செங்கோணத்திலிருந்து விலகும் சாய்வு 15 டிகிரிக்குள் என்றால் நேர்ப் பாலமாகவே பார்க்கலாம். அதைத் தாண்டினால் சுமை ஒரு அபட்மெண்டிலிருந்து மற்றதற்குக் குறுகிய வழியைத் தேடும். விரிகோண மூலைகளில் சப்போர்ட்டின் எதிர்விசையான ரியாக்‌ஷன் குவியும், குறுங்கோண மூலை தூக்கிக்கொள்ளப் பார்க்கும். விரிகோண மூலையில் மேல்கம்பி இல்லாத வரைபடத்தைப் பார்த்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். 3 முதல் 10 மீட்டர் வரையிலான ஸ்லாபுகளுக்கு ஐஆர்சி வெளியிட்ட தயார் வரைபடங்கள் உண்டு, நல்லவை. ஆனால் அவை மேல்தளத்துக்கு மட்டும். அஸ்திவாரத்தை உங்கள் மண்தான் சொல்ல வேண்டும்.

உண்மையில் சின்னப் பாலங்கள் ஸ்லாப் உடைந்து விழுவதைவிட, தண்ணீர் அடியை அரித்துத்தான் அதிகம் போகின்றன. கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடையைப் பார்த்து வெள்ள மட்டம் குறிப்பவர்கள் உண்டு. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் கேட்டால், எந்த வருஷம் தண்ணீர் எந்த மரத்தின் எந்தக் கிளை வரை வந்தது என்று காட்டுவார். அந்த மட்டத்துக்கு மேல் ஸ்லாபின் அடிப்பாகம் வரை இடைவெளி வேண்டும்: வினாடிக்கு 3 முதல் 30 கன மீட்டர் ஓட்டத்துக்கு 600 மி.மீ., அதற்கு மேல் 300 கன மீட்டர் வரை 900 மி.மீ. செலவு மிச்சம் என்று இதில் கை வைத்தால் முள்ளும் மட்டையும் வந்து அடைத்துக்கொள்ளும். ஓடையடி அரிப்பைக் கணிக்கும் லேசி சூத்திரம் தரும் சராசரி அரிப்பு ஆழத்தையே அஸ்திவார ஆழமாக எடுப்பதும் தவறு. அரிப்பு அபட்மெண்டில் அதன் 1.27 மடங்கு, பியரில் (நடுத் தூணில்) 2 மடங்கு வரை போகும் என்று வைத்துக்கொண்டு, அஸ்திவாரத்தை அதற்கும் கீழே இறக்க வேண்டும்.

கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன், மிதமான சூழலுக்கே 40 மி.மீ. கடலோரம் என்றால் இன்னும் கூடும். ஒரு சைட்டில் கவர் பிளாக்குக்குப் பதிலாகக் கையில் கிடைத்த ஜல்லியை வைத்திருந்தார்கள். கான்கிரீட் போடும்போது மிதிபட்டு ஜல்லி நழுவியது, கம்பி செண்டரிங் பலகையில் போய் உட்கார்ந்துவிட்டது. மேலே விழும் மழைநீரை இறக்கும் குழாயும் ஸ்லாபின் அடிமட்டத்தோடு நின்றிருந்தது. அதை 150 மி.மீ. கீழே நீட்டியிருந்தால் தண்ணீர் சொட்டிப் போயிருக்கும். நீட்டாததால் தண்ணீர் ஸ்லாபின் அடிப்பாகத்தில் ஊர்ந்து நேராக அந்தக் கம்பியைத்தான் தேடிப் போனது.