நாட்டு விதைன்னு நம்பி வாங்குறதுக்கு முன்னாடி: ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாக்கெட்டுல "நாட்டு விதை"ன்னு போட்டிருந்தா உடனே வாங்கிடுறோம், முதல் தப்பே அதுதான். அந்தப் பேரை யாரு வேணா போட்டுக்கலாம். பின்பக்கம் திருப்பி எஃப்1, ஹைப்ரிட், வீரிய ஒட்டுன்னு பொடி எழுத்துல எங்கயாச்சும் இருக்கான்னு பாருங்க, மூணுமே ரெண்டு ரகத்தைச் சேத்து எடுத்த ஒட்டு விதையைத்தான் சொல்லுது. இருந்தா அந்த ஒரு தடவை நல்லாத்தான் காய்க்கும், ஆனா அதுலருந்து விதை எடுத்துப் போட்டா ஒரு செடி குட்டையா ஒண்ணு உசரமா, ஒண்ணுல காய் நீளமா ஒண்ணுல உருண்டையான்னு கலைஞ்சு போயிரும்.

அதுக்காக வேளாண் யுனிவர்சிட்டி விதை எல்லாமே ஹைப்ரிட்னு ஒதுக்கவும் வேணாம். பிகேஎம் 1 தக்காளி, கோ 2 கத்தரி எல்லாம் ரகம்தான், ஒட்டு கிடையாது, அப்பத்தா காலத்து விதை இல்லன்னாலும் வருசா வருசம் விதை எடுத்துக்கலாம். ரோஸ் கலர்ல இருக்குறது பூஞ்சாண மருந்து தடவுன விதை, கலரை வச்சு ஹைப்ரிட்னு முடிவு பண்ண முடியாது, பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம்ம பக்கம் பெரிய விசயம் தண்ணி. மண்டபம், உச்சிப்புளி, ஏர்வாடின்னு எங்க போனாலும் பாதி போர்வெல்ல உப்புத்தண்ணிதான், அப்ப விதை கேக்குறப்ப பேரு என்னன்னு கேக்குறதைவிட எந்த ஊர்ல, என்ன தண்ணியில விளைஞ்சதுன்னு கேக்கணும். நல்ல தண்ணி பாயிற ஊர்லருந்து ஆசையா வாங்கி வர்ற விதை சுத்தமான நாட்டு விதையாவே இருந்தாலும் இங்க நுனி கருகி நிக்கும், அது விதையோட குத்தம் இல்ல. பீன்ஸ், கேரட், முள்ளங்கிக்கெல்லாம் உப்பு ஆகவே ஆகாது. கொத்தவரையும் தட்டாம்பயறும் எவ்வளவோ தாங்கும், கத்தரி ஓரளவுக்குத் தாக்குப்பிடிக்கும். எதுவா இருந்தாலும் முளைக்கிற சமயம் மட்டும் மழைத்தண்ணியோ குடிதண்ணியோ ஊத்துங்க.

2023ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம உருண்டை முண்டு மிளகாய் முதுகுளத்தூர், கமுதி, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் மானாவாரியாவே விளையுது, அதுக்கு மேல நாட்டு விதைக்கு எங்க அலையணும்? ஆனா கடையில வத்தல் வாங்கி உதுத்துப் போடாதீங்க, அது பல பேரு வயக்காட்டு வத்தல் கலந்து கிடக்கும். மிளகாய் போடுற விவசாயிகிட்ட விதைக்குன்னு எடுத்து வச்ச பழமாப் பாத்து கேளுங்க, கேட்டா கொடுப்பாங்க.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறதும் இந்தக் கரையில சரிப்படாது. ஆடியில இங்க மேக்கேருந்து வீசுற கச்சான் காத்து மண்ணை வாரி அடிக்கும், கிணத்துல உப்பும் ஏறிக் கிடக்கும், நல்ல மழை ஐப்பசியிலதான். புரட்டாசியில நாத்து விடுங்க. பழைய கொடி அவரை பகல் குறையிற மாசத்துலதான் பூக்கும், மாசியில போட்டுட்டு வெறும் கொடியா ஓடுதுன்னு விதையைத் திட்டக்கூடாது.

விதை எடுக்குறதுலதான் நிறையப் பேரு கோட்டை விடுறாங்க. நல்ல காயையெல்லாம் குழம்புல போட்டுட்டு கடைசியில முத்திப்போன சூம்பல் காயை விதைக்கு விட்டா அடுத்த வருசம் சூம்பல்தான் வரும். நல்லாக் காய்க்கிற ரெண்டு மூணு செடியில முன்னாடியே அடையாளத்துக்கு ஒரு துணியைக் கட்டி வச்சிருங்க. முண்டு மிளகாய் பக்கத்துல நீள மிளகாய் நின்னா தேனீ கலந்துவிட்டுரும், இந்த வருசக் காய்ல அது தெரியாது, அடுத்த வருசச் செடியிலதான் தெரியும். பூக்குறதுக்கு முன்னாடியே கிளையில கொசுவலைத் துணிப் பை கட்டுனா போதும். சுரைக்கு, அன்னிக்கு விரியப்போற பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் மதியமே நூலால கட்டிட்டு, சாயங்காலம் வெள்ளையா விரியிறப்ப ஆண் பூவைப் பறிச்சு மகரந்தத்தை பெண் பூவோட நடுவுல தடவி, மறுபடி மூடிக் கட்டணும். சுரைக்காய் கசந்துச்சுன்னா சாப்பிடவே கூடாது, உடம்புக்கு ஆபத்து, அதுலருந்து விதையும் எடுக்காதீங்க.

கடல் காத்துல ஈரம் இருக்குறதால சேமிக்கிறதுலயும் கெட்டுப்போகுது. அரைகுறையாக் காஞ்சதை பிளாஸ்டிக் கவர்ல கட்டுனா பூசணம் பிடிச்சிரும். உச்சி வெயில்ல சிமெண்டுத் தரையிலயும் போடாதீங்க, சூட்டுல உயிர் போயிரும். நிழல்ல காயவச்சு, கடிச்சா படக்குன்னு உடையிற பதம் வந்ததும் கண்ணாடி பாட்டில்ல சாம்பலோட இறுக்கி மூடுங்க. தட்டாம்பயறுல வசம்புப் பொடி கலந்தா வண்டு அண்டாது.

போடுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி 10 விதையை ஈரத்துணியில சுருட்டி வச்சுப் பாருங்க. 7, 8 முளைச்சா கவலை இல்ல. 3, 4தான் முளைக்குதுன்னா மிச்சம் வைக்காம மொத்தத்தையும் இந்த மழைக்கே நெருக்கமாப் போட்டு புது விதை எடுத்துருங்க, இன்னொரு வருசம் அது தாங்காது.