காலத்தை மாற்றலாம், காரணத்தை மாற்றக் கூடாது: வாழ்க்கை வரலாற்றுத் தொடர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1937 நவம்பர் 16 அன்று, பெல்ஜியத்தின் ஒஸ்டெண்ட் நகருக்கு அருகே மூடுபனியில் தரையிறங்க முயன்ற விமானம் ஒன்று தொழிற்சாலைப் புகைபோக்கியில் மோதி விழுந்தது. அதில் இருந்த எல்லோரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் செசிலி, பிற்காலத்தில் பிரிட்டன் ராணி எலிசபெத்தின் கணவரான ஃபிலிப்பின் அக்கா. கணவர், இரண்டு மகன்கள், மாமியார் ஆகியோரோடு கொழுந்தனார் கல்யாணத்துக்காக லண்டன் போய்க்கொண்டிருந்தார். ஃபிலிப்புக்கு அப்போது 16 வயது. ஸ்காட்லாந்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்.

எலிசபெத்தின் வாழ்க்கையைச் சொல்லும் ‘தி கிரௌன்’ தொடரின் இரண்டாம் சீசன், ஒன்பதாம் எபிசோடு இந்த விபத்தைக் காட்டுகிறது. அதில் ஃபிலிப் பள்ளியில் சண்டை போடுகிறார். தண்டனையாக அவருடைய விடுமுறை ரத்தாகிறது. தம்பி வரப்போவதில்லை என்றானதும், கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருக்கக்கூடிய அக்கா விமானம் ஏறுகிறார். துக்க வீட்டில் எல்லார் முன்னாலும் அப்பா மகனைப் பார்த்து, நீதான் காரணம் என்கிறார். உண்மையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. செசிலி புறப்பட்டது கல்யாணத்துக்கு. தம்பியின் சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. 2017 டிசம்பரில் இந்த எபிசோடு வெளியானபோது ஃபிலிப் உயிரோடு இருந்தார். அக்காவின் சாவுக்கான பழியை 80 ஆண்டு கழித்து அவர் தலையில் வைத்தது ஒரு திரைக்கதை.

வாழ்க்கை வரலாற்றுத் தொடரில் நடக்கும் மிகப் பெரிய தவறு இதுதான். இரண்டு ஆண்டில் நடந்ததை ஒரு வாரத்தில் அடக்கலாம். நான்கு நண்பர்களை ஒருவராக்கலாம். கடிதத்தில் வந்த செய்தியை நேரில் பேசுவதாக மாற்றலாம். ‘இதனால்தான் இது நடந்தது’ என்ற சங்கிலியில் கை வைத்தால் மட்டும், செய்யாத குற்றம் ஒருவர் மேல் விழும். அல்லது ஒருவர் செய்த வேலை இன்னொருவர் கணக்கில் சேரும்.

1986 சோவியத் அணு உலை விபத்தைச் சொல்லும் ‘செர்னோபில்’ (2019, ஐந்து எபிசோடு) இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம். நாயகனான விஞ்ஞானி லெகசோவ் கடைசி எபிசோடில் நீதிமன்றத்தில் நின்று உலை ஏன் வெடித்தது என்று விளக்குகிறார். 1987-இல் நடந்த அந்த விசாரணைக்கு அவர் போகவே இல்லை. நிஜ லெகசோவுக்கு மனைவியும் பிள்ளைகளும் உண்டு. தொடரில் தனி ஆள். உலானா கோமியுக் என்ற பெண் விஞ்ஞானி கற்பனைப் பாத்திரம். பல விஞ்ஞானிகளின் உழைப்புக்கு ஒரே முகம். அதைத் தொடரின் முடிவில் எழுத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு பாட்காஸ்ட் வெளியிட்டு, எதை மாற்றினோம் என்று திரைக்கதையாசிரியர் கிரெய்க் மேஸின் தானே பேசினார். இவை நேர்மையான மாற்றங்கள். உலையை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளின் கிராஃபைட் முனை வெடிப்பில் வகித்த பங்கு பற்றிய விளக்கமும் சரியாகவே இருந்தது.

அதே தொடர் தியாட்லோவ் விஷயத்தில் சறுக்கியது. துணைத் தலைமைப் பொறியாளரான அவரை, கீழே இருப்பவர்களை மிரட்டி விபத்தை வரவழைத்த கொடூரனாகவே காட்டினார்கள். உலையை இயக்கிய ஊழியர்கள் மேல் முதலில் சுமத்தப்பட்ட சில குற்றச்சாட்டுகளைச் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு 1992-இல் திருத்தி, உலையின் வடிவமைப்புக் குறைக்கு அதிக எடை கொடுத்தது. தியாட்லோவ் மேல் தவறே இல்லை என்று பொருள் இல்லை. ஆனால் ஓர் அமைப்பின் கோளாறைச் சொல்ல வந்த கதை, வில்லன் வேண்டுமென்ற ஆசையில் பாதிச் சுமையை ஒரு மனிதர் மேல் இறக்கிவிட்டது. கவனமாக எழுதுகிறவர்களும் வழுக்கும் இடம் இது.

தவிர்க்க ஒரு வழி உண்டு. திரைக்கதை முதல் வரைவு முடிந்ததும் காட்சிவாரியாக ஓர் அட்டவணை போடுங்கள். காட்சி எண், நிஜத்தில் நடந்த நாள், அங்கே இருந்தவர்கள், ஆதாரம், நாம் மாற்றியது என ஐந்து பத்தி போதும். ஆவணம் இருக்கும் காட்சிக்குப் பச்சை, பலர் சொன்னதை வைத்து ஊகித்ததற்கு மஞ்சள், முழுக் கற்பனைக்குச் சிவப்பு. ஆதாரம் என்ற பத்தியில் ‘எல்லாருக்கும் தெரியும்’ என்று எழுதினால் அதையும் சிவப்பாகவே கணக்கிடுங்கள். பிறகு சிவப்புக் காட்சிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றும் பெயர் தெரிந்த ஒருவருக்குப் பழியோ பெருமையோ சேர்க்கிறதா என்று பாருங்கள். சேர்த்தால் அந்தக் காட்சி போக வேண்டும், அல்லது பச்சைக்கு வரும் அளவுக்கு ஆதாரம் தேட வேண்டும். வழக்கு வந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பதும் இந்தத் தாளைத்தான்.

பெயரை மாற்றிவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பது அடுத்த தவறு. 2019-இல் வந்த ‘குயின்’ தொடரின் நாயகிக்குப் பெயர் சக்தி சேஷாத்ரி. பார்த்த யாருக்கும் அது ஜெயலலிதாவின் கதை என்பதில் சந்தேகம் வரவில்லை. அவருடைய அண்ணன் மகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார், தடை கிடைக்கவில்லை. பெயர் மாற்றம் வழக்கு வருவதைத் தடுக்கவில்லை. உண்மையா கற்பனையா என்ற குழப்பம்தான் பார்வையாளருக்கு மிஞ்சியது. ‘பேபி ரெய்ண்டீர்’ இதைவிடக் கடுமையான பாடம். ‘இது உண்மைக் கதை’ என்று எழுத்துப் போட்டுத் தொடங்கியது. ஒரு பாத்திரத்தின் பெயரை மாற்றியிருந்தும், பழைய சமூக ஊடகப் பதிவுகளை வைத்து நிஜப் பெண் ஒருவரைப் பார்வையாளர்கள் அடையாளம் கண்டுவிட்டார்கள். தொடரில் அந்தப் பாத்திரம் தண்டனை பெறுகிறது. அந்தப் பெண்ணோ தனக்குத் தண்டனையே கிடையாது என்று வழக்குப் போட்டார். 2024 செப்டம்பரில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அவதூறு வழக்கு தொடரலாம் என்றது. ‘உண்மைக் கதையைத் தழுவியது’ என்பதற்கும் ‘உண்மைக் கதை’ என்பதற்கும் இடையிலான அந்த ஒரு சொல்தான் அங்கே எடை பார்க்கப்பட்டது.

சட்டம் என்றதும் நம் ஊர் வழக்கு ஒன்றை எழுத்தாளர்கள் அவசியம் படிக்க வேண்டும். கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ‘நக்கீரன்’ இதழ் வெளியிடப்போக, அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை அனுமதி இல்லாமலே எழுதலாம். அதைத் தாண்டிக் குடும்பம், திருமணம் போன்ற அந்தரங்கத்துக்குள் போனால் சம்மதம் வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது. ஆட்டோ சங்கர் வழக்கு என்றதும் பலரும் கொலைகளைத்தான் நினைக்கிறார்கள். அந்தரங்க உரிமை பற்றி நம் நாட்டில் வந்த முக்கியமான தீர்ப்பு அது. இன்னொன்று, பழைய கடிதம் கையில் கிடைத்தால் அதை அப்படியே வசனமாக்கலாம் என்று நினைக்காதீர்கள். தாள்தான் வைத்திருப்பவருடையது. அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது.

‘இதில் வரும் பெயர்கள், சம்பவங்கள் யாவும் கற்பனையே’ என்ற அட்டையை வாழ்க்கை வரலாற்றுத் தொடரில் போடுவது பயன் தராது. போஸ்டரில் நிஜ மனிதரின் முகச்சாயலைக் காட்டிவிட்டு உள்ளே அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? எபிசோடு முடிவில் இரண்டே வரி போதும்: இந்தப் பாத்திரம் கற்பனை, இந்தச் சந்திப்பு நடக்கவில்லை.

வசனத்தில் அடிக்கடி வரும் பிழை, பேசுகிறவர்கள் இருவருக்கும் தெரிந்ததையே பார்வையாளருக்காகச் சொல்லிக்கொள்வது. ‘உங்களுக்குத் தெரியாதா அண்ணே, போன வருஷம் நீங்கதானே அந்தப் பதவியை ராஜினாமா பண்ணீங்க’ என்று கேட்கும் ஆள் நிஜ வாழ்க்கையில் கிடையாது. தெரிந்ததைத் தெரிந்தவரிடம் யாரும் சொல்வதில்லை. விவரம் தெரியாத ஒருவரைக் காட்சிக்குள் கொண்டுவாருங்கள், அல்லது தேதியைத் திரையில் எழுதிவிடுங்கள்.

கலை இயக்கத்தில் தமிழ்த் தொடர்கள் கவனிக்காத ஒன்று எழுத்து. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை லை, னை, ணை, ளை எல்லாம் துதிக்கை போன்ற கொம்போடு அச்சானவை; ணா, றா, னாவுக்கும் வேறு வடிவம் இருந்தது. 1965 கதையில் கதாநாயகன் பிரிக்கும் நாளிதழ் இன்றைய எழுத்துருவில் இருந்தால் அந்தக் காட்சியே பொய்யாகிவிடும். விதிவிலக்கு ‘விடுதலை’: அது 1935 முதலே பெரியாரின் சீர்திருத்த எழுத்தில் வந்தது. மாநிலத்தின் பெயர் அதிகாரபூர்வமாகத் ‘தமிழ்நாடு’ ஆனது 1969 ஜனவரியில்தான். அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. அதற்கு முந்தைய உறையில் ‘சென்னை-17’ என்றுதான் இருக்கும். 1957 ஏப்ரலுக்கு முன் நயா பைசா கிடையாது, அணாதான்.

பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முகச்சாயல் பொருந்துவதை நடிப்பென்று பாராட்டிவிடாதீர்கள். ‘தி கிரௌன்’ இரண்டு சீசனுக்கு ஒருமுறை நடிகர்களையே மாற்றியது. கிளேர் ஃபாய், ஒலிவியா கோல்மன், இமெல்டா ஸ்டான்டன் மூவரும் ஒருவர்போல் ஒருவர் இல்லை. ஆனாலும் அது ஒரே ராணி என்று நம்ப முடிந்தது. தவறு கண்டுபிடிக்கும்போது காரின் மாடலில் தொடங்காதீர்கள். ஒரு காட்சி உங்களை யார் மேலாவது கோபப்பட வைத்தால், அந்தக் காட்சியின் ஆதாரத்தை முதலில் தேடுங்கள். ஒஸ்டெண்ட் விபத்தைப் பற்றி அரை மணி நேரம் படித்தவருக்கு, அந்தப் பையன் மேல் எந்தப் பழியும் இல்லை என்பது தெரிந்துவிடும்.