செம்பனைத் தோட்டத்துக்கு ஏற்ற பைனாகுலர்: 500 வெள்ளியை ஒட்டிய செலவில் எதைப் பார்த்து வாங்குவது

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் பைனாகுலர் தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது பசார் மாலாம் சரக்குதான். கைப்பேசி உறைகளுக்கும் டார்ச் லைட்டுகளுக்கும் நடுவில் இருக்கும். உடம்பெல்லாம் பச்சை ரப்பர், முன்கண்ணாடி சிவப்பாக மின்னும், பக்கவாட்டில் 60×60 என்று பொறித்திருக்கும். தெரோப்போங் என்று கேட்டால் கடைக்காரர் அதைத்தான் எடுத்து நீட்டுவார். அதை வாங்க வேண்டாம். அது ஏன் உதவாது என்பது விளங்கிவிட்டால், எது உதவும் என்பதும் பாதி விளங்கிவிடும்.

பைனாகுலரில் இரண்டு எண்கள் இருக்கும். முன்னது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. பின்னது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். பின்னதை முன்னதால் வகுத்தால் கண்ணுக்குள் வந்து விழும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42 என்றால் 5.25 மி.மீ.; 10×42 என்றால் 4.2, சட்டைப்பையில் அடங்கும் 8×25 என்றால் 3 மி.மீ.க்குச் சற்று மேல். உச்சிவெயிலில் வெட்டவெளியில் நிற்கும்போது நம் கண்மணி 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுவதால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பெரட்டுக்கு ஆள் கூடும் விடியற்காலையிலும், மாலை ஏழு மணிக்கு மேல் செம்பனை மட்டைகளுக்கு அடியில் நிற்கும்போதும் கதை வேறு. கண்மணி 5 மி.மீ. வரை விரிந்து வெளிச்சத்துக்கு ஏங்கும். எலியைப் பிடிக்கட்டும் என்று தோட்டங்களில் பெட்டி வைத்து வளர்க்கும் கூகை வெளியே வருவதும் அந்த நேரத்தில்தான்.

60×60 என்று எழுதியிருப்பது உண்மையாகவே இருந்தாலும் அது கண்ணுக்குத் தருவது 1 மி.மீ. வெளிச்சம். கை நடுக்கத்தையும் அது 60 மடங்காக்கும். முக்காலி இல்லாமல் ஒரு மரத்தைக்கூட நிலையாகப் பார்க்க முடியாது. ஸ்கேலை வைத்து முன்கண்ணாடியை அளந்தால் பல நேரம் 60 மி.மீ. இருக்கவும் இருக்காது. சிவப்புப் பூச்சு அழகுக்கு மட்டும். சிவப்பு ஒளியை வெளியே திருப்பி அனுப்பிவிடுவதால் உள்ளே தெரியும் காட்சி பச்சை நீலமாக வெளிறிப்போகும். மடங்கை மாற்றும் ஜூம் வகையையும் இதே வரிசையில் ஒதுக்கிவிடலாம். இந்த விலையில் வரும் ஜூம், இரண்டு குழாயையும் ஒரே மடங்கில் நிறுத்தாது. பார்க்கப் பார்க்கத் தலைவலிதான்.

தோட்டத்துக்கு 8×42 வாங்குங்கள். பலர் 10×42 பக்கம் சாய்வார்கள், பெரிதாகத் தெரியுமே என்று. பழைய ஈயக்குட்டைகளின் கரையிலும், மறுநடவுக்காகச் சாய்த்துப்போட்ட வெட்டவெளியிலும், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து தஞ்சோங் துவானுக்கு மேல் வரும் தேன்பருந்துகளைப் பார்க்கவும் 10 மடங்கு நல்லதுதான். செம்பனை நிரைகளுக்குள் அது இடைஞ்சல். கணக்குப் போட்டால் தெரியும். காட்சியகலத்தைப் பாகைக் கணக்கில் எழுதியிருப்பார்கள். 1 பாகை என்றால் 1000 மீட்டர் தூரத்தில் 17.5 மீட்டர் அகலம். செம்பனையை வழக்கமாக 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நடுகிறார்கள், ஹெக்டேருக்கு 143 மரம் அளவில். பத்து மரம் தள்ளி, அதாவது 90 மீட்டரில், 8 பாகை உள்ள 8×42 காட்டும் அகலம் 12.6 மீட்டர். 6 பாகை உள்ள 10×42 காட்டுவது 9.4 மீட்டர். முன்னதில் ஒரு மரமும் அடுத்த மரத்தின் பாதியும் தெரியும். பின்னதில் இரண்டு மரத்துக்கு இடைப்பட்ட வெளி மட்டும். மரம் விட்டு மரம் தாவும் பறவையை எதில் தொடர முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. தூரத்தைக் கணிக்கவும் இதே நிரை உதவும்: மரத்தை எண்ணி 9ஆல் பெருக்குங்கள்.

<b>உடம்பு அடைத்திருக்கிறதா என்பதே பெரிய கேள்வி</b>

பைனாகுலரில் இரண்டு வகை உண்டு. தோள் அகன்று வளைந்திருப்பது போரோ. குழாய் நேராக இருப்பது ரூஃப். ஒரே விலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போரோவின் காட்சிதான் துல்லியமாக இருக்கும். அதன் பட்டகத்தை, அதாவது உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டியை, செய்வது எளிது. ரூஃப் வகையில் ஒளி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்வதால், பட்டகத்துக்கு ஃபேஸ் கோட்டிங் என்ற தனிப் பூச்சு வேண்டும்; அது இல்லாவிட்டால் கூர்மை குறையும். வறண்ட நாட்டில் இருந்துகொண்டு ஆலோசனை சொல்கிறவர்கள், காசு குறைவென்றால் போரோவே வாங்கு என்று எழுதுவது இதனால்தான்.

நம் ஊருக்கு அது பொருந்தாது. இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அது 70ஐத் தாண்டி நின்றாலே கண்ணாடியில் பூஞ்சை முளைக்கத் தொடங்கும். மலிவான போரோக்களில் பெரும்பாலானவை அடைப்பில்லாதவை. நடுச் சக்கரத்தைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் பின்கண்ணாடிகள் முன்னும் பின்னும் நகர்ந்து, சைக்கிள் பம்ப் போல வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். காற்றோடு ஈரமும் பூஞ்சை விதையும் போகும். சில மாதங்களில் பட்டகத்தின்மேல் சிலந்தி வலை போல வெள்ளை இழை படரும். அந்த இழை சுரக்கும் அமிலம் பூச்சை அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது.

ஆகவே கூர்மையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும், ரப்பர் வளையம் போட்டு அடைத்து நைட்ரஜன் நிரப்பிய ரூஃப் வகையையே எடுங்கள். பெட்டியில் இரண்டு சொற்களும் இருக்க வேண்டும்: வாட்டர்ப்ரூஃப், நைட்ரஜன். வெதர் ரெசிஸ்டன்ட் என்று மட்டும் இருந்தால் தூறலுக்குத் தாங்கும், அவ்வளவே. கண்ணாடிப் பூச்சுக்கு ஃபுல்லி மல்ட்டி கோட்டட் என்றிருப்பதையும், பட்டகத்துக்கு பேக்-4 (நல்ல கண்ணாடி வகை ஒன்றின் பெயர்) என்றிருப்பதையும் பாருங்கள். வெறும் கோட்டட் என்றால் ஏதோ ஒரு பக்கத்தில் ஒரு பூச்சு இருக்கலாம் என்பதற்கு மேல் பொருள் இல்லை.

எடுத்துக்காட்டுக்கு மூன்று. நிக்கோன் ஆக்குலோன் ஏ211 8×42 போரோ வகை. 8 பாகை காட்சி, தெளிவும் நன்று. ஆனால் அடைப்பு இல்லை, 755 கிராம் கனம், மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு வட்டம் முழுதாகத் தெரியாது. ஈப்போவில் குளிர்சாதன அறைக்குள் வைத்துப் பாதுகாப்பவருக்குச் சரி, லயத்து வீட்டுக்கு வேண்டாம். செலஸ்ட்ரோன் நேச்சர் டிஎக்ஸ் 8×42, நிக்கோன் புரோஸ்டாஃப் பி3 8×42 இரண்டும் அடைத்து நைட்ரஜன் நிரப்பியவை. செலஸ்ட்ரோனில் ஃபேஸ் கோட்டிங்கும் உண்டு. ஓரங்கள் மங்கல், நடுப்பகுதி நன்று. கைக்காசு கொஞ்சம் போதாவிட்டால் இரண்டு மாதம் பொறுத்து இந்த வகைக்கு வாருங்கள். 50 வெள்ளிப் பொருளை வாங்கி எறிந்துவிட்டு மறுபடி வாங்குவதுதான் கூடுதல் செலவு.

மூக்குக்கண்ணாடி அணிகிறவர் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும்: ஐ ரிலீஃப். பின்கண்ணாடியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்தாலும் முழு வட்டமும் தெரியும் என்பதன் அளவு அது. 15 மி.மீ.க்குக் குறைந்தால் எடுக்காதீர்கள், ஆக்குலோனில் 12தான்.

<b>கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்</b>

கடைக்குள் எரியும் விளக்கில் எல்லாப் பைனாகுலரும் நன்றாகத்தான் தெரியும். தவுக்கேயிடம் கேட்டு அஞ்சடிக்கு வெளியே எடுத்துச் செல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார்.

முதலில் பைனாகுலரை முகத்திலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, முன்பக்கத்தை வானத்தின் பக்கமோ வெள்ளைச் சுவர் பக்கமோ காட்டிப் பின்கண்ணாடிகளைப் பாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் ஒருபோதும் வேண்டாம்; ஒரு நொடியில் கண் போய்விடும். இரண்டு வெளிச்ச வட்டங்கள் தெரியும். வட்டம் முழு வட்டமாக இருந்தால் பட்டகம் சரி. நான்கு ஓரமும் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுச் சதுரம்போலத் தெரிந்தால் பட்டகம் மலிவானது அல்லது சிறியது. பெட்டியில் பேக்-4 என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள்.

அடுத்தது இரண்டு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்பது. மலிவு விலையில் அதிகம் கெடுவது இதுதான். ஒருமுறை கீழே விழுந்தாலும் கெடும். தெருவுக்கு அப்பால் உள்ள கூரை விளிம்பையோ மின்கம்பியையோ பாருங்கள். பார்த்தபடியே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல 10, 15 செ.மீ. முன்னுக்குத் தள்ளுங்கள். இடது வட்டத்தில் உள்ள கோடும் வலது வட்டத்தில் உள்ள கோடும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்தால் அதே மாடலில் வேறொன்றைக் கேளுங்கள். கண் சில நிமிடம் அதைச் சமாளித்து ஒன்றாக்கிக் காட்டும், அதனால்தான் கடையில் தெரியாமல் போகிறது. அரை மணி நேரம் பார்த்தால் கண் எரிந்து தலை கனக்கும்.

கைப்பேசி விளக்கை முன்கண்ணாடி வழியே சாய்வாகப் பாய்ச்சி உள்ளே பாருங்கள். இரண்டாவது கையாக வாங்கும்போது இந்தச் சோதனையை விட்டுவிடவே கூடாது. தூசி இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை. இழையோ வெள்ளைப் படலமோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கடைசியாக நடுச் சக்கரத்தை இரண்டு பக்கமும் திருப்புங்கள். திருப்பும் திசையை மாற்றும்போது சக்கரம் கொஞ்சம் வெறுமனே சுற்றிய பிறகே கண்ணாடி நகர்ந்தால், உள்ளமைப்பு தளர்ந்திருக்கிறது.

ஷாப்பீயிலோ லாசாடாவிலோ வாங்கினால், பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுத்துவிட்டு, இந்தச் சோதனைகளை எல்லாம் முடித்த பிறகே பொருள் கிடைத்தது என்ற பொத்தானை அழுத்துங்கள். அழுத்திவிட்டால் பணம் கடைக்காரரிடம் போய்விடும்.

<b>கண்ணுக்குப் பொருத்துவது</b>

நல்ல பைனாகுலரையே மங்கலாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. அவர்கள் வலக்கண் வளையத்தைத் தொட்டிருக்கமாட்டார்கள். இரண்டு குழாய்களையும் மடக்கி விரித்து ஒரே வட்டமாகத் தெரியும் அகலத்தில் நிறுத்துங்கள். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, ஐந்து மரம் தள்ளியிருக்கும் ஒரு குலையை நடுச் சக்கரத்தால் தெளிவாக்குங்கள். இப்போது இடது பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது பின்கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே குலையைத் தெளிவாக்குங்கள். வளையம் நின்ற கோட்டை நினைவில் வையுங்கள். பிள்ளைகள் கைக்குப் போய்வந்தால் முதலில் இடம் மாறுவது அதுதான். மூக்குக்கண்ணாடி போட்டவர் கண்குழியை உள்ளே திருகிவிட வேண்டும், போடாதவர் வெளியே திருக வேண்டும்.

<b>வீட்டில் வைப்பது</b>

கூடவே வரும் துணிப்பையில் வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள். துணியும் தோலும் ஈரத்தைக் குடித்துப் பூஞ்சைக்கு ஊட்டும். மூடியில் ரப்பர் வளையம் உள்ள 5 லிட்டர் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 200 கிராம், சிறிய ஈரமானி ஒன்று, இவை போதும். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஆரஞ்சு மணிகள் பச்சையானால், அல்லது நீல மணிகள் இளஞ்சிவப்பானால், தட்டில் பரப்பி அடுப்புப் பெட்டியில் 110 பாகை செல்சியஸ் சூட்டில் இரண்டு மணி நேரம் காயவைத்து, ஆறியபின் மறுபடி போடுங்கள். மழையில் நனைந்ததை உடனே பெட்டிக்குள் அடைக்காதீர்கள். துடைத்து, மின்விசிறிக்கு அடியில் ஓர் இரவு வைத்த பிறகு அடையுங்கள்.

குளிர்சாதனம் ஓடும் காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடியில் ஆவி படியும். அது வெளிப்புறத்தில்தான், பையிலேயே கால் மணி நேரம் விட்டால் போய்விடும். ஆவி உட்புறத்தில் தெரிந்து, துடைத்தும் போகாவிட்டால் அடைப்பு விட்டுப்போயிற்று என்று பொருள். உத்தரவாதக் காலத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள்.

செம்மண் ரோட்டுத் தூசியில் மணல் துகள் கலந்திருக்கும். சட்டை நுனியால் துடைத்தால் ஒரே துடைப்பில் பூச்சு கீறும். முதலில் ஊது பந்தால் ஊதுங்கள், பிறகு மென்தூரிகை, கடைசியாகவே கண்ணாடித் துணி. வாட்டர்ப்ரூஃப் உடம்பு என்றால் குழாய்த் தண்ணீரை மெல்ல ஓடவிட்டும் தூசியைக் கழுவலாம். கொசு மருந்து தடவிய கையோடு மட்டும் தொட வேண்டாம்: அதில் உள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கை இளக்கும், ரப்பர் உறை பிசுபிசுத்துப்போகும். மருந்தைப் புறங்கையால் தடவிக்கொண்டு, உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பைனாகுலரை எடுங்கள்.