திமிங்கிலத்துக்கு யார் பங்காளி: மரபணு வரிசையிலிருந்து குலமரம் வரையும் முறை

திமிங்கிலம் ஒரு பாலூட்டி என்பது பள்ளிப் பாடத்திலேயே தெரிந்துவிடுகிறது. பாலூட்டிகளுள் அதற்கு மிக நெருங்கிய உறவு எது என்பதை நாமே சோதித்துப் பார்க்க இணைய இணைப்புள்ள ஒரு கணினியும் ஒரு மாலைப்பொழுதும் போதும். ஆய்வாளர்கள் வெளியிடும் டி.என்.ஏ. வரிசைகள் அமெரிக்காவின் ஜென்பேங்க் களஞ்சியத்திலும், அதனோடு தரவுகளைப் பரிமாறிக்கொள்ளும் ஐரோப்பிய, ஜப்பானியக் களஞ்சியங்களிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வரிசைகளை ஒப்பிட்டு மரம் வரைய, சுதிர் குமாரும் மசதோஷி நெயும் உள்ளிட்டோர் உருவாக்கிய மெகா என்னும் இலவச மென்பொருள் உதவும்.

முழு மரபணுத்தொகையையும் இறக்கிக்கொண்டு தொடங்க வேண்டாம். பாலூட்டியின் செல்லில் ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏறத்தாழ 16,400 எழுத்துகள் (ஏ, சி, ஜி, டி என்னும் டி.என்.ஏ.வின் நான்கு அலகுகள்) கொண்ட சிறு வட்ட டி.என்.ஏ. இருக்கிறது, அதில் 37 மரபணுக்கள் உள்ளன. பெரும்பாலும் தாய்வழியாக மட்டுமே கடத்தப்படுவதால், தலைமுறைதோறும் கலைத்து அடுக்கப்படாமல் வரும் இந்த வரிசை பழகுவதற்கு ஏற்றது. அதிலும் சைட்டோகுரோம் பி என்ற ஒரே மரபணுவை எடுத்துக்கொள்ளலாம். பசுவில் அதன் நீளம் 1,140 எழுத்துகள்.

நீலத் திமிங்கிலம், ஓங்கில் (டால்பின், இதுவும் திமிங்கில இனமே), நீர்யானை, பசு, செம்மறியாடு, பன்றி, ஒட்டகம் ஆகியவற்றோடு குதிரையையும் சேர்த்து எட்டு வரிசைகளை இறக்கிக்கொள்ளுங்கள். தேடும்போது பொதுப்பெயரை விட அறிவியல் பெயரே பாதுகாப்பானது. உட்கருவின் டி.என்.ஏ.வுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களின் செயலிழந்த பழைய நகல்கள் ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு என்பதால், துண்டு வரிசைகளைத் தவிர்த்து, முழு மைட்டோகாண்ட்ரியா பதிவுக்குள் இருக்கும் சைட்டோகுரோம் பி பகுதியை மட்டும் ஃபாஸ்டா கோப்பாக (வரிசைகளைச் சேமிக்கும் எளிய உரைக் கோப்பு) எடுப்பது நல்லது. ஒவ்வொன்றின் பதிவு எண்ணையும் தனியே குறித்து வையுங்கள். அடுத்த வாரம் சந்தேகம் எழும்போது அந்தக் குறிப்புத்தான் கைகொடுக்கும்.

குதிரைக்கு இங்கே தனி வேலை உண்டு. மற்ற ஏழுக்கும் அது வெளியாள் என்பது வேறு சான்றுகளால் தெரிந்திருப்பதால், மரத்தின் வேர் எந்தப் பக்கம் என்பதை அதுவே காட்டுகிறது. இதனைப் புறக்குழு என்பர். புறக்குழுவை விட்டுவிட்டாலும் மென்பொருள் அழகான படம் ஒன்றை வரைந்து தந்துவிடும், ஆனால் அதில் எது முன்னே பிரிந்தது, எது பின்னே பிரிந்தது என்று சொல்ல வழியிருக்காது.

அடுத்தது வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்துவது. பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நுழைகின்றன. கோப்பைத் திறக்கும்போது, இது புரதத்துக்கான வரிசையா என்று மெகா கேட்கும். ஆம் என்று சொல்லிவிட்டு, எந்த மூன்றெழுத்து புரதத்தின் எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கும் என்று சொல்லும் மரபுக் குறியீட்டு அட்டவணையில் 'முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியா' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கமான அட்டவணையில் டி-ஜி-ஏ என்ற மூன்றெழுத்து, புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் நிறுத்தக் குறி. மைட்டோகாண்ட்ரியாவில் அதுவே டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். முதல் முறை இதைக் கவனிக்காமல் விட்ட நான், எட்டு வரிசைகளிலும் நடுநடுவே நிறுத்தக் குறிகள் முளைத்திருப்பதைக் கண்டு, தரவே பழுது என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் மறுபடி இறக்கினேன். அட்டவணையைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பின்னும் நடுவில் நிறுத்தக் குறி தென்பட்டால், மேலே சொன்ன செயலிழந்த நகல் அகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொருத்திய வரிசையில் ஓரெழுத்து, ஈரெழுத்து இடைவெளிகள் இருந்தாலும் ஐயுற வேண்டும். உயிரோடு இயங்கும் மரபணுவில் எழுத்துகள் மூன்று மூன்றாகவே கூடவோ குறையவோ செய்யும்.

பொருத்திய வரிசையைக் கண்ணால் ஒருமுறை படித்துப் பார்ப்பது மரத்தை விட அதிகம் கற்றுத்தரும். மூன்றெழுத்துச் சொல்லின் மூன்றாம் எழுத்து மாறினாலும் பெரும்பாலும் அமினோ அமிலம் மாறுவதில்லை. ஆகவே அவ்விடங்களில் வேறுபாடுகள் நெருக்கமாகக் குவிந்திருக்கும். பல கோடி ஆண்டுகளில் அதே எழுத்து மீண்டும் மீண்டும் மாறி, பழைய தடயத்தைத் தானே அழித்துவிடுவதும் உண்டு. இதனால்தான் வேறுபாடுகளை வெறுமனே எண்ணி உறவைக் கணிப்பது போதாது. மறைந்த மாற்றங்களையும் ஈடுசெய்யும் பரிணாம மாதிரியைத் தேர்ந்தெடுத்து, அதன்மேல் பெரும நிகழ்தகவு முறையில் (கையிலுள்ள வரிசைகள் உருவாக மிக அதிக வாய்ப்புத் தரும் மரத்தைத் தேடும் முறை) மரம் வரைய வேண்டும். எந்த மாதிரி பொருந்தும் என்பதை மெகாவே சோதித்துச் சொல்லும்.

மரத்தின் கிளைகள் எவ்வளவு உறுதியானவை என்று பார்க்க, பூட்ஸ்ட்ராப் சோதனையை 1,000 முறை ஓட விடுங்கள். கிளைகளின்மேல் தோன்றும் எண், வரிசையின் நெடுக்குப் பத்திகளைக் குலுக்கி மீண்டும் மீண்டும் எடுத்தபோது எத்தனை விழுக்காடு முறை அந்தக் கிளை திரும்ப வந்தது என்பதைக் காட்டுகிறது. அந்தக் கிளை உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு அதுவல்ல. ஒரே மரபணுவில் இந்த எண் சில இடங்களில் தாழ்வாக இருக்கக்கூடும். அப்போது மைட்டோகாண்ட்ரியாவின் 13 புரத மரபணுக்களையும் கோத்து மீண்டும் செய்து பாருங்கள்.

இன்று ஏற்கப்பட்டுள்ள மரத்தில் ஒட்டகம் முதலில் பிரிகிறது, பின்னர் பன்றி, அதன்பின் பசுவும் ஆடும் அடங்கிய அசைபோடும் விலங்குகள். நீர்யானையும் திமிங்கிலமும் ஒரே கிளையில் எஞ்சுகின்றன. உடலமைப்பை வைத்துப் பன்றியோடு சேர்த்துப் பேசப்பட்ட நீர்யானை உண்மையில் ஓங்கிலுக்கு நெருக்கம் என்பது வியப்புத்தான். ஆயினும் திமிங்கிலம் நீர்யானையிலிருந்து வந்தது என்று படித்துவிடக் கூடாது. நீர்யானை அதற்குப் பாட்டன் அல்ல, பங்காளி. இருவருக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது, இரண்டும் அதிலிருந்து தனித்தனியே விலகின.

வரிசை ஒப்பீட்டை மட்டும் நம்ப மனம் ஒப்பாதவர்களுக்கு வேறு வகைச் சான்றுகளும் உண்டு. மரபணுத்தொகைக்குள் தன்னைத்தானே நகலெடுத்து வேறிடத்தில் செருகிக்கொள்ளும் சிறு துண்டுகள் இருக்கின்றன. இரண்டு இனங்களில் தற்செயலாக அதே இடத்தில் அதே துண்டு செருகப்படுவது மிக அரிது. திமிங்கிலமும் நீர்யானையும் இத்தகைய செருகல்களைப் பொதுவாகக் கொண்டிருப்பதை 1999-இல் ஜப்பானின் நிக்கைடோ, ஒக்காடா குழுவினர் காட்டினர். பாகிஸ்தானில் கிடைத்து 2001-இல் விவரிக்கப்பட்ட தொல் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பும், ஆடு, மாடு, பன்றி போன்ற இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கே உரிய இரட்டை உருளை வடிவில் இருந்தது.

இத்தகைய வேறொரு செருகலை நீங்களே பார்க்க விரும்பினால், பல் எனாமலை உருவாக்க உதவும் எனாமெலைசின் மரபணுவைப் பசுவிலிருந்து எடுத்து, ஒத்த வரிசைகளைக் களஞ்சியத்தில் கண்டுபிடித்துத் தரும் பிளாஸ்ட் தேடல் வழியாக நீலத் திமிங்கிலத்தின் மரபணுத்தொகையில் தேடுங்கள். நீலத் திமிங்கிலம் பல்லில்லாத பலீன் வகையைச் சேர்ந்தது. இன்று வாழும் பலீன் திமிங்கிலங்கள் அனைத்திலும் இந்த மரபணுவின் இரண்டாம் எக்ஸானுக்குள் (புரதத்துக்கான குறியீடு உள்ள பகுதி) ஒரே செருகல் இருப்பதாக 2011-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பசுவின் எழுத்துகளோடு ஒத்துவரும் வரிசை அவ்விடத்தில் அறுந்து, செருகலுக்கு அப்பால் மீண்டும் தொடர்கிறதா என்று சரிபாருங்கள்.